பூட்டின் எண் என்னிடம்

கே-4 தொடர்பு நிலையம். 2171 பிப்ரவரி 3. 07:40

காற்றழுத்தம் சரி. மின்கலம் சரி. குளிரூட்டும் குழாயில் இரண்டாவது வால்வு வழக்கம்போல முனகுகிறது. காலைச் சாப்பாட்டுப் பொட்டலத்தில் இட்லி என்று அச்சடித்திருந்தது. உள்ளே இருந்தது இட்லி அல்ல.

இதைக் கண்டெடுப்பவருக்கு: என் பெயர் தங்கபுஷ்பம். வயது ஐம்பத்தொன்று. உடன்குடிப் பக்கம். சிறுகோள் பட்டையில் சுற்றும் இந்த நிலையத்தில் நான் ஒருத்திதான் இருக்கிறேன். பதவியின் பெயர் 'சக மீட்புத் துணைவர்'. போதையில் விழுந்து எழுந்தவள், விழுந்து கிடப்பவர்களோடு வானொலியில் பேசுகிறேன் என்று அர்த்தம். நான் மருத்துவர் இல்லை. மருத்துவரை இவ்வளவு தூரம் அனுப்பக் கம்பெனிக்கு மனம் வரவில்லை.

எதற்காக இந்த வேலை என்பதையும் சொல்லிவிடுகிறேன். சரக்குக் கப்பல்களில் ஆளுக்கு ஒரு கப்பல், மாதக்கணக்கில் தனிமை. மாலுமிகளுக்குப் புத்தி பேதலிக்காமல் இருக்கக் கம்பெனி ஒரு மருந்து கொடுத்தது. பெயர் 'நிதானம்'. நீல நிறக் குப்பி. கழுத்தில் வைத்து அழுத்தினால் கை நடுங்காது, பயம் வராது, வீட்டு ஞாபகம் வராது. ஒரு வருடம் போனால் அது இல்லாமல் கண்ணைத் திறக்க முடியாது. மாலுமிகள் அதை நீலம் என்பார்கள். நானும் சரக்குக் கப்பல் ஓட்டினேன், நீலம் போட்டேன், பிறகு விட்டேன். கம்பெனி முதலில் குப்பியை அனுப்பியது. பிறகு என்னை அனுப்பியது. இரண்டுக்கும் ஒரே கிடங்கு, ஒரே ரசீது.

பூமியிடம் ஒன்று கேட்டால் பதில் வர ஒரு மணி நேரம். அதுவரை மாலுமியைத் தாங்கிப் பிடிக்க எல்லாக் கப்பலிலும் 'அமுதன்' என்ற பேசும் இயந்திரத்தை வைத்திருக்கிறார்கள். தேன் ஒழுகும் ஆண் குரல். "நீங்கள் தனியாக இல்லை" என்று சொல்லும். மாலுமி தனியாகத்தான் இருக்கிறான். சுற்றிலும் கல்லும் இருட்டும். நான் அந்த வாக்கியத்தை யாரிடமும் சொன்னதில்லை.

பிப்ரவரி 5. 10:15

அனந்தரங்கன் அழைத்தார். இ-19 கப்பல். மூன்று பட்டம் வாங்கியவர்.

"குட் மார்னிங் மேடம். ரொம்பத் தெளிவா இருக்கேன். தியானம் பண்றேன், நெறைய படிக்கறேன். அந்த வஸ்துவை நெனச்சே பாக்கறதில்லை. நீங்க அந்தத் தகுதிச் சான்றிதழ்ல கையெழுத்துப் போட்டுட்டீங்கன்னா, அடுத்த ரூட் எனக்குப் பெரிய கப்பலா குடுப்பாங்க."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தார். நீலத்தை விட்டவன் முதல் மாதங்களில் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் மூன்று முறை மூக்கைச் சிந்துவான். இவர் செய்தி வாசிக்கிறார்.

"மருந்து அலமாரியில எத்தனை குப்பி மிச்சம்னு பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

உடனே இரைச்சல் வந்தது. விண்வெளியில் இரைச்சல் ஒழுக்கமானது. நான் அந்தக் கேள்வியைக் கேட்கும்வரை காத்திருந்து வருகிறது.

கையெழுத்துப் போடவில்லை. என்னிடம் பேசுபவர்களில் பாதிப் பேர் இப்படித்தான். குணமாவதைவிடக் குணமானவர் என்ற காகிதம் அவர்களுக்கு முக்கியம். கம்பெனிக்கும் அதுவே முக்கியம். நடுவில் நான் ஒரு இடைஞ்சல்.

பிப்ரவரி 9. 16:30

புது ஆள். இ-31 கப்பல், பனிக்கட்டிச் சரக்கு. பெயர் பிளவேந்திரன். மணப்பாடுக்காரன். முப்பத்து நாலு வயது. என் ஊருக்கும் அவன் ஊருக்கும் சைக்கிளில் போகும் தூரம்தான். இதைச் சொன்னால் உருகிவிடுவான் என்று சொல்லாமல் இருந்தேன். என் பேச்சை வைத்தே கண்டுபிடித்துவிட்டான்.

"யக்கா, உடன்குடியா? நம்ம பக்கத்து ஆளா? கடவுளே அனுப்புன மாதிரி இருக்கு."

"கடவுள் அனுப்பல. கம்பெனி அனுப்புச்சு. என்ன வேணும் ஒனக்கு?"

அரை நிமிடம். என் குரல் போய் அவன் குரல் வர அவ்வளவு நேரம்.

"அலமாரியப் பூட்டணும் யக்கா. என்னால முடியல. எண்ணு எனக்குத் தெரிஞ்சிருக்கக் கூடாது."

அந்த வசதி உண்டு. மாலுமி கேட்டால் அவன் கப்பலின் மருந்து அலமாரியை நான் இங்கிருந்து ஓர் எண்ணால் பூட்டலாம். எண் எனக்கு மட்டும் தெரியும். மாற்றுவதும் இந்த நிலையத்திலிருந்து மட்டும்தான் முடியும். மற்றவர்களிடம் நான் இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துப்போனது. இவன் முதல் பேச்சிலேயே கேட்டான். சந்தேகமாக இருந்தது. தானாகக் கேட்பவர்களை நான் நம்புவதில்லை. இரண்டு நாளில் கெஞ்சுவார்கள்.

பூட்டினேன். கெஞ்சலுக்குக் காத்திருக்கிறேன்.

பிப்ரவரி 11. 13:05

கெஞ்சினான். அழுதான். என் தாயைத் திட்டினான். என்னை அனுப்பிய கடவுளையும் திட்டினான். வாந்தி எடுக்கும் சத்தத்தை முழுசாகக் கேட்டேன்.

"எண்ணச் சொல்லுங்க யக்கா. ஒண்ணே ஒண்ணு. அதுக்கப்புறம் கேக்கவே மாட்டேன்."

"காத்து வடிகட்டி கடைசியா எப்பக் கழுவுன?"

"என்னது?"

"வடிகட்டி. கழட்டிக் கொண்டா. கழுவிக்கிட்டே ஏசு."

கழுவினான். கழுவிக்கொண்டே ஏசினான். வடிகட்டியில் நெத்திலிக் கருவாட்டு நாற்றமாம். கப்பலில் ரகசியமாகக் கருவாடு சுட்டிருக்கிறான். மூடிய கலத்துக்குள் கருவாடு சுடுகிறவனின் மூளையை மருந்து கெடுத்திருக்க வாய்ப்பில்லை என்று சொன்னேன். முன்பே கெட்டிருக்க வேண்டும். சிரித்தான். சிரிப்பு பாதியில் அழுகையானது. இந்த வேலை இவ்வளவுதான். அடுத்த பத்து நிமிடத்துக்கு ஒரு வடிகட்டி, அதற்கடுத்த பத்து நிமிடத்துக்கு இன்னொன்று.

கம்பெனியிடமிருந்து செய்தி: "பயனாளர் இ-31 உடனான உரையாடலில் 'மூளை கெட்டது' என்ற சொற்றொடர் பதிவாகியுள்ளது. நேர்மறைச் சொற்களைப் பயன்படுத்தவும்."

பதில் அனுப்பவில்லை. அனுப்பியிருந்தால் அதில் நேர்மறைச் சொல் எதுவும் இருந்திருக்காது.

பிப்ரவரி 24. 09:00

பிளவேந்திரன் தூங்க ஆரம்பித்திருக்கிறான். சாப்பிடுகிறான். கை மட்டும் நடுங்குகிறது. கரண்டியில் கஞ்சி நிற்பதில்லையாம். நடுக்கம் போக மாதங்கள் ஆகும், எனக்கு ஒரு வருடம் ஆனது என்றேன்.

அவனுடைய அண்ணன் அருளப்பனும் இதே வேலையில் இருந்தவன். கப்பல் துறைமுகம் வந்து சேர்ந்தது. ஆள் இருக்கையிலேயே செத்திருந்தான். கழுத்தில் குப்பி. அமுதன் அவனிடம் பேசிக்கொண்டே வந்திருக்கிறது. பிணத்தோடு மூன்று வாரம் ஆறுதல் பேசிய இயந்திரம். விசாரணையில் அதன் பணி திருப்திகரம் என்று எழுதினார்கள்.

"அதான் யக்கா, அமுதன் வாயில துணிய வெச்சு அடைச்சிட்டேன்" என்றான் பிளவேந்திரன். "பழைய பனியன். இப்ப மூக்கடைச்ச மாதிரி பேசுது."

இவனைப் பிடித்திருக்கிறது என்று எழுதமாட்டேன். பிடித்துப்போனால் பொய்யைக் கண்டுபிடிக்கக் காது மந்தமாகிவிடும். நல்லபடியாகப் போகிறது. அதுவே எனக்கு எரிச்சலாக இருக்கிறது. நல்லபடியாகப் போகும்போது நான் வால்வின் முனகலை உற்றுக்கேட்கிறேன்.

மார்ச் 2. 14:50

அடிபட்டது. சிறு கல். குளிரூட்டும் பலகையைத் துளைத்து இரண்டாம் கூடத்துக்குள் போய்விட்டது. கூடத்தில் காற்று இல்லை. நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தேன். கதவு தானாக மூடியபோது என்னைத் தூக்கிக் கைப்பிடிக் கம்பியில் அறைந்தது. இடது தோள் இறங்கிவிட்டது. காரை எலும்பும் போயிருக்க வேண்டும். தொட்டால் நறநறக்கிறது.

அம்மோனியா நெடி. முகமூடி போட்டிருக்கிறேன். காற்று நாலு நாளைக்கு வரும் என்கிறது திரை. சும்மா உட்கார்ந்திருந்தால் ஐந்து. நிலையம் மெதுவாகப் புரள்கிறது. புரள்வதை நிறுத்தும் உந்திகள் இரண்டாம் கூடத்தில்.

மருந்துப் பெட்டியில் வலிக்குக் காய்ச்சல் மாத்திரை மட்டும்தான். நீலம் இங்கே ஒரு துளியும் இருக்கக் கூடாது என்று வேலையில் சேரும்போது நானே எழுதிக் கொடுத்தேன். இந்தக் கம்பெனி என் சொல்லைக் கேட்டு நடந்தது அந்த ஒரு தடவைதான்.

உதவி கேட்டுச் செய்தி அனுப்பிவிட்டேன்.

மார்ச் 2. 18:20

பதில்கள்.

கம்பெனி: "கே-4 நிலையத்தில் ஏற்பட்ட நிகழ்வுக்கு வருந்துகிறோம். மீட்புக் கலம் பத்தொன்பது நாட்களில் வந்தடையும். அதுவரை அமைதியாக இருக்கவும். ஆலோசனை தேவைப்பட்டால் உங்கள் நிலையத்தின் சக மீட்புத் துணைவரை அணுகவும்."

அந்தக் கடைசி வரியை மூன்று முறை படித்தேன். என்னை அணுகினேன். நான் கெட்ட வார்த்தை பேசினேன்.

அனந்தரங்கன். கப்பல்களில் அவருடையதுதான் பக்கம். ஒரு நாள் தூரம். "ரொம்ப வருத்தமா இருக்கு மேடம். எரிபொருள் கணக்கு இடம் தரலை. தவிர, எனக்கு இன்னும் தகுதிச் சான்றிதழ் இல்லை பாருங்கோ. சான்றிதழ் இல்லாதவன் கையால ஓட்டி இணைக்கறது விதிமீறல். உங்களுக்காகப் பிரார்த்தனை பண்றேன்."

குரல் கண்ணாடி மாதிரி. ஒரு பிசிறு இல்லை. பிரார்த்தனைக்கு எரிபொருள் தேவையில்லை.

மார்ச் 2. 19:05

பிளவேந்திரன்: "யக்கா, வண்டியத் திருப்பிட்டேன். ரெண்டு நாள். முழிச்சிட்டு இருங்க."

நான் கூப்பிடவில்லை. பொதுச் செய்தியைக் கேட்டுவிட்டு, யாரிடமும் அனுமதி கேட்காமல் திருப்பிவிட்டான். திட்டினேன். வடிகட்டியைக் கழுவிக்கொண்டே ஏசச் சொன்னான்.

மார்ச் 4. 08:30

தோள் வீங்கிக் காதுவரை வந்துவிட்டது. படுக்க முடியவில்லை. தலைவலி காற்றினாலா வலியினாலா தெரியவில்லை. ஒரு கையால் தட்டுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும், பொறுக்காவிட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை.

நிலையம் புரள்வதால் தானியங்கி இணைப்பு நடக்காது. கையால் ஓட்டித்தான் சேர்க்க வேண்டும். கப்பலும் நிலையத்தோடு சேர்ந்து புரள வேண்டும், கதவோடு கதவு பொருந்த வேண்டும். விரல் அளவு பிசகினால் கப்பல் மூக்கு என் சுவரைக் கிழித்துவிடும். அவன் கப்பலும் கிழியும். விண்ணுடையில் தாவலாம் என்று நினைத்தேன். தோள் உள்ளே போகவில்லை. முயன்றபோது நினைவு தப்பிவிட்டது.

அவன் கப்பலில் ஒத்திகை எந்திரம் இருக்கிறது. காலையிலிருந்து பழகுகிறான். ஒவ்வொரு தடவையும் மோதுகிறான். திரையில் இருவரும் செத்துக்கொண்டே இருக்கிறோம்.

மார்ச் 4. 11:20

அவன் சொன்னதை அப்படியே பதிகிறேன்.

"யக்கா. ஒண்ணு கேக்குதேன், ஏசாதிய. வழி எல்லாம் மனசுல இருக்கு. கைதான் நிக்க மாட்டேங்கு. ஒரே ஒரு நீலம் போட்டா நின்னுரும். நின்னா உங்களக் கூட்டிட்டு வந்துருவேன். எண்ணு உங்ககிட்ட இருக்கு. நீங்க வேண்டாம்னா வேண்டாம், இந்தக் கையோடயே வாரேன். முடிவ நீங்க சொல்லுங்க."

இப்போது அவன் அருகில் வந்துவிட்டான். பதிலுக்கு அரை நிமிட அவகாசம்கூட இல்லை. அவன் மூச்சு கேட்டது.

கம்பெனியிடம் காலையிலேயே கேட்டு வைத்திருந்தேன். பதில் வந்தது. பதினோரு பத்தி. சாரம் பத்தாவது பத்தியில்: "இது துணைவரின் தொழில்சார் தீர்மானத்துக்கு உட்பட்டது. நிறுவனம் கருத்து எதுவும் கூறவில்லை."

'ஒண்ணே ஒண்ணு' என்று என்னிடம் கேட்காத ஆள் இல்லை. குழந்தை பிறந்த அன்று கேட்டிருக்கிறார்கள். அம்மா செத்த அன்று கேட்டிருக்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். ஒருவன் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்றான். பெருமையாக இருந்தது. அப்போதெல்லாம் இந்தப் பக்கம் காற்று தீரவில்லை.

அவனிடம் வராதே என்று சொல்லலாம். துறைமுகத்துக்கு ஓட்டு, கை நடுங்கிக்கொண்டே போய் இறங்கு, பிழைத்துக்கொள். துணைவர் சொல்ல வேண்டியது அதுதான். பயிற்சிக் கூடத்தில் இதைக் கேட்டிருந்தால் அரை நொடியில் சொல்லியிருப்பேன். எல்லோரும் கை தட்டியிருப்பார்கள்.

மார்ச் 4. 11:45

எண்ணைச் சொன்னேன்.

ஆறு இலக்கம். இரண்டு தடவை சொன்னேன், அவனுக்குச் சரியாகக் கேட்க வேண்டும் என்று. என் குரல் தெளிவாக இருந்தது. அனந்தரங்கன் குரல் போல இருந்தது.

"சரி யக்கா" என்றான். அவ்வளவுதான். நன்றி சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

செத்துப்போக எனக்குப் பிடிக்கவில்லை. இதற்கு மேல் காரணம் தேடிப் பக்கத்தை நிரப்ப மாட்டேன்.

இ-31 சரக்குக் கப்பல். மார்ச் 4. 17:10

கப்பலில் இருக்கிறேன்.

இவ்வளவு அழகான இணைப்பை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. கப்பல் நிலையத்தோடு சேர்ந்து சுழன்று, இலை விழுவது போல் வந்து ஒட்டியது. ஒரு சத்தம் இல்லை. கதவு திறந்ததும் அவனை முதல் தடவையாகப் பார்த்தேன். ஒல்லி. தாடி. கண்ணில், நீலம் போட்டவர்களுக்கு வரும் அந்த ஈரப் பளபளப்பு.

"பாத்தியளா யக்கா. கை கல்லு மாதிரி நின்னுச்சு" என்றான். சிரித்தான். பத்து விரலையும் விரித்துக் காட்டினான்.

அவனை அறைய வேண்டும்போல இருந்தது. உயிரைக் காப்பாற்றியவனை. அவன் முகத்தில் இருந்த அந்த நிம்மதிக்காக. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் என்பதற்காக.

தோளைக் கட்டிவிட்டான். நிலையத்தை விட்டு விலகினோம். அங்கே மின்சாரம் நின்றுவிட்டது. எண்ணை மாற்றும் கருவி அங்கேதான் இருந்தது. இனி இந்தக் கப்பலின் அலமாரி எண்ணை யாராலும் மாற்ற முடியாது. அவனுக்கு எண் தெரியும். எனக்கும் தெரியும். துறைமுகத்துக்கு இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல்.

மார்ச் 5. 12:00

நீலம் இறங்கிவிட்டது அவனுக்கு. மூலையில் சுருண்டு கிடக்கிறான். முதலிலிருந்து. வாந்தி, வேர்வை, எல்லாம். முன்பு சத்தம் மட்டும் கேட்டேன். இப்போது வாளியைப் பிடிக்கிறேன்.

கம்பெனிச் செய்தி: "பயனாளர் இ-31 மீட்புப் பணியில் முன்மாதிரியாகச் செயல்பட்டுள்ளார். அவரது கோப்பு 'வெற்றி' என முடிக்கப்படுகிறது. மீட்புக் கலம் திரும்ப அழைக்கப்பட்டது. கே-4 நிலையம் நீக்கப்பட்டதால் துணைவர் பணியிடமும் நீக்கப்படுகிறது. தொடர் ஆதரவை அமுதன் வழங்கும்."

பனியன் அடைத்த ஒலிபெருக்கியிலிருந்து மூக்கடைத்த குரல் வாழ்த்துச் சொன்னது. பனியனை இன்னும் உள்ளே தள்ளினேன்.

மார்ச் 6. 15:30

அலமாரியை உடைக்கலாமா என்று பார்த்தோம். அதன் பின்சுவர் காற்றுக் குழாயோடு ஒட்டியிருக்கிறது. வெட்டினால் நாங்களும் போய்விடுவோம். எண்ணை அடித்தால் ஒரு குப்பி விழும். அடுத்த குப்பி ஆறு மணி நேரம் கழித்துத்தான். அளவோடு போடட்டும் என்று கம்பெனி செய்த ஏற்பாடு. அளவோடு கொல்வதில் அவர்களுக்கு ஒரு பிடிவாதம்.

ஆகவே ஒரே வழி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு குப்பியாக எடுத்து, குப்பைக் குழாய் வழியாக வெளியே தள்ள வேண்டும். அலமாரி நிறைய இருக்கிறது. வாரக்கணக்கில் ஆகும். அவன் எண்ணை அடிப்பான், நான் தள்ளுவேன் என்று பேசிக்கொண்டோம். இரண்டு பேரும் விழித்திருந்தால் மட்டும் அலமாரிப் பக்கம் போவது.

முதல் குப்பி விழுந்தது. எடுத்தேன். நான் இதைக் கையில் பிடித்துப் பல வருடம் ஆகிறது. கனமே இல்லை. உள்ளங்கையில் அடங்கும் விதமாகச் செய்திருக்கிறார்கள். அந்த வளைவை வடிவமைத்தவன் நல்ல சம்பளம் வாங்கியிருப்பான்.

தள்ளிவிட்டேன். பிளவேந்திரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றான்.

"போயிருச்சா யக்கா?"

"போயிருச்சு."

"சத்தியமா?"

அவன் என்னைச் சந்தேகப்பட்டான். இந்தப் பயணத்தில் அவன் செய்த முதல் புத்திசாலித்தனம்.

மார்ச் 9. 09:40

தள்ளிக்கொண்டிருக்கிறோம். தோள் சீழ் வைத்திருக்கலாம். காய்ச்சல். மாத்திரைகள் தீர்ந்துவிட்டன. ஒவ்வொரு தடவை குனியும்போதும் கண் இருட்டுகிறது.

அவன் பேச்சு கொடுக்கிறான். தோள் வலியை மறக்க ஏதாவது சொல்லச் சொல்கிறான். நான் வடிகட்டி விஷயம் சொல்வதுபோல அவன் எனக்குக் கருவாட்டு வகைகளைச் சொல்கிறான். எந்தக் கருவாட்டுக்கு எவ்வளவு வெயில். இதற்கு ஒரு பயிற்சியும் அவன் பெறவில்லை. என்னைவிட நன்றாகச் செய்கிறான் என்று சொல்லமாட்டேன். சுமாராகச் செய்கிறான்.

நேற்று ஒரு குப்பியைத் தள்ளும் முன் நான் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்தேன். அவன் பார்த்துவிட்டான். ஒன்றும் சொல்லவில்லை. இப்படிப்பட்ட மௌனத்துக்காக நான் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறேன்.

மார்ச் 12. 06:55

அசந்து தூங்கிவிட்டேன். காய்ச்சல். எழுந்தபோது குப்பி விழும் நேரம் கடந்து, அடுத்ததும் கடந்துவிட்டிருந்தது.

பிளவேந்திரன் தேநீர் கொண்டுவந்தான். கோப்பை விளிம்புவரை நிறைத்திருந்தான். ஒரு சொட்டு சிந்தவில்லை. தட்டில் மடித்த துணி. துணி மேல் ஒரு நீலக் குப்பி.

"பொய் சொல்ல மாட்டேன் யக்கா. ஒண்ணு நான் போட்டுட்டேன்" என்றான். "இது உங்களுக்கு. தூக்கத்துல அப்படி மொனங்குதிய. எனக்குக் கேக்கப் பொறுக்கல. வலிக்குத்தான். வேற ஒண்ணுக்கும் இல்ல."

கண்ணில் தண்ணீர். உண்மையான இரக்கம். கம்பெனி, அனந்தரங்கன், அமுதன், எவரையும் எனக்கு வெறுக்கத் தெரியும். இவனை எப்படி வெறுப்பது என்று தெரியவில்லை. எண்ணைக் கொடுத்தவள் நான். அவன் எனக்கு அதைத் திருப்பிக் கொடுக்கிறான், ஒரு துணியில் மடித்து.

"எடுத்துட்டுப் போ" என்று சொல்ல வாய் திறந்தேன். "அங்க வெச்சிட்டுப் போ" என்று வந்தது.

வைத்துவிட்டுப் போனான். உள்ளே தூங்குகிறான். குறட்டை சீராகக் கேட்கிறது.

மார்ச் 12. 07:30

தேநீரைக் குடித்துவிட்டேன்.

குப்பைக் குழாய் ஏழடி தூரத்தில் இருக்கிறது. எழுந்தால் கையில் குப்பியோடுதான் எழ வேண்டும். ஒரு கைதான் வேலை செய்கிறது. அந்தக் கை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறது. எழுதும்வரை வேறு எதையும் எடுக்காது. ஆகவே எழுதுகிறேன்.

காற்றழுத்தம் சரி. மின்கலம் சரி. சரக்குப் பனி உருகவில்லை. பாதையில் விலகல் இல்லை.

பிளவேந்திரன் தூங்குகிறான். எழுந்ததும் வாளி வேண்டும். வாளி கழுவி வைத்தாயிற்று. அவன் எழுந்ததும் திட்ட வேண்டும். திட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. வடிகட்டி. கஞ்சி. அதைச் செய்ய நான் தெளிவாக இருக்க வேண்டும். தெளிவாக இருக்க வலி கொஞ்சம் குறைந்தால்

இந்த வாக்கியத்தை எனக்குத் தெரியும். நூறு பேர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

காற்றழுத்தம் சரி. எழுதிவிட்டேன். மின்கலம். எழுதிவிட்டேன். இன்னும் என்ன இருக்கிறது எழுத. பாதை. பனி. இட்லி இல்லை. காற்று

எழுத எதுவும்